நாற்பது பேர், நாலு லாட்டு: ரோமானிய வீரர்களுக்கு வண்ணம் தீட்டியதில் ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் நியூகாசிலில் நான் வேலைக்குப் போகும் பஸ் வெஸ்ட் ரோடு வழியாகப் போகும். அந்த ரோட்டின் பெரும்பகுதி, ரோமானியர்கள் பிரிட்டனில் கட்டிய ஹாட்ரியன் மதிலின் தடத்திலேயே போட்டது. பென்வெல் பக்கம் இறங்கி ஒரு தெருவுக்குள் நுழைந்தால், வீடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன ரோமானியக் கோயிலின் அடித்தளம் கிடக்கும். 12 வருஷமாக இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்த ஆசை வந்தது. மதிலைக் கட்டிய ஆட்களை என் மேசையில் நிறுத்த வேண்டும்.

மதில் எழத் தொடங்கியது கி.பி. 122-ல். கடற்கரைக்குக் கடற்கரை ஏறக்குறைய 117 கிலோமீட்டர். கட்டியவை மூன்று லீஜியன்கள், அதாவது ரோமானியப் பெரும்படைப் பிரிவுகள். செஸ்டரில் பாசறை போட்டிருந்த, காட்டுப்பன்றியைச் சின்னமாக வைத்திருந்த இருபதாவது லீஜியன் வலேரியா விக்ட்ரிக்ஸ் அவற்றில் ஒன்று. என் ஆட்கள் அவர்கள்தான் என்று முடிவு செய்தேன்.

எடுத்துக்கொண்ட வேலை இதுதான்: 28 மில்லிமீட்டர் அளவில் 40 பிளாஸ்டிக் வீரர்கள். இருபது இருபதாக இரண்டு பிரிவு. ஒருவருக்கு 20 மில்லிமீட்டர் சதுரத் தளம், ஐந்து பேர் முன்வரிசை, நாலு வரிசை ஆழம். ஆக ஒரு பிரிவு மேசையில் 10 செ.மீ.க்கு 8 செ.மீ. இடம் பிடிக்கும். செஞ்சுரி என்ற உண்மையான ரோமானியப் படைப்பிரிவில் 80 பேர்; மேசைக்குப் பாதி போதும். இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஆறடிக்கு நாலடி மேசையில் குன்றும் ஓடையும் மரமும் வைத்து, டேப் பிடித்து அளந்து படையை நகர்த்தி, பகடை உருட்டி மோதலைத் தீர்ப்பார்கள். சதுரங்கத்தைவிட மெதுவாகப் போகும். காய்களுக்கு வண்ணம் தீட்டுவதிலேயே பாதி ஆயுள் போகும், அதைச் சந்தோஷமாகக் கொடுப்பவர்கள்தான் இதில் நிற்பார்கள்.

முதல் இருபது பேருக்கு நான் என்ன செய்தேன், அது ஏன் சரியாக வரவில்லை, இரண்டாவது இருபதில் எதை மாற்றினேன், பிப்ரவரியில் ஒரு காலை நாற்பது பேரையும் எப்படி இழக்கப் பார்த்தேன் என்று வரிசையாக எழுதுகிறேன்.

சட்டத்திலிருந்து பிரித்தல்

இது சீக்கிரம் சொல்லிவிடக் கூடிய பகுதி. உருவங்கள் பாலிஸ்டைரீன் சட்டத்தில் கை, தலை, உடல், கேடயம் எனத் தனித்தனியாக வரும். நிப்பரால் வெட்டி, அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுக்க வேண்டும். இதில் சோம்பல் பட்டால் பின்னால் தெரியும்: வாஷ், அதாவது மடிப்புகளில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த வண்ணம், ஊற்றும்போது அந்தக் கோடு தழும்புபோல எழுந்து நிற்கும். அச்சில் தடவிய எண்ணெய்ப்பசை போக வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஒரு கழுவு. ஒட்டுவதற்கு பிளாஸ்டிக் சிமெண்ட், ஏனென்றால் அது பிளாஸ்டிக்கையே இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஃபெவிக்விக் ரகப் பசை மேலோட்டமாகப் பிடிக்கும், கீழே விழுந்தால் கை தனியாக ஓடும்.

கேடயத்தை மட்டும் ஒட்டாமல் விட்டேன். ஒட்டிவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் மார்புக்கும் இடுப்புப் பட்டைக்கும் தூரிகை போகாது.

முதல் இருபது

படத்தில் பார்த்த ரோமானியர்களைத்தான் நான் தீட்டினேன். நல்ல இரத்தச் சிவப்பில் உடை, பளபளக்கும் வெள்ளிக் கவசம், தங்கக் கொக்கிகள், மஞ்சள் மின்னல் போட்ட சிவப்புக் கேடயம். சிவப்பு ஒரே பாட்டிலில் இருந்து வந்தது. நிழலுக்கு ஒரு தடவை, வெளிச்சத்துக்கு இரண்டு தடவை. ஒவ்வொருவர் கண்ணுக்கும் கருவிழி வைத்தேன். தலை ஒரு பட்டாணியைவிடச் சின்னது, அதில் கண் ஒரு கடுகின் கால்வாசி. மூச்சைப் பிடித்து வைத்த புள்ளி ஒருவருக்கு நன்றாக வந்தது, அடுத்தவருக்குத் திடுக்கிட்டவர்போல வந்தது.

ஒருவரைக் கையில் எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. இருபது பேரையும் வரிசையில் வைத்து மூன்றடி தள்ளி நின்றபோதுதான் ஏதோ இடித்தது. பொம்மைக் கடைக் கண்ணாடிக்குள் வைத்த சாமான்போல இருந்தார்கள். என்ன தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. நிழல் போதவில்லையோ என்று இன்னொரு வாஷ் ஊற்றினேன். இருண்ட பொம்மைகள் ஆனார்கள்.

"ஒரே லாட்டுலயா?"

என் மனைவியின் அண்ணன் திருப்பூரில் 20 வருஷத்துக்கும் மேலாகச் சாயப்பட்டறை வேலையில் இருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போது மேசையில் இருந்த வரிசையைக் காட்டினேன். போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்தார். (ஒரே தடவையில் சேர்ந்து சாயமேறும் துணியைப் பட்டறையில் லாட்டு என்பார்கள்.)

"ஏனுங் மாப்ள, இத்தனை பேரு சட்டையும் ஒரே லாட்டுலயா சாயம் போட்டாங்க?"

"ஒரே பாட்டில் மச்சான்."

"பாட்டில விடுங்க. அந்தக் காலத்துல எப்புடிப் போட்டிருப்பாங்க? தண்ணி மாறுனா சாயம் மாறும், வேரு மாறுனா மாறும், அடுப்புச் சூடு கூடக்கொறைய ஆனாலும் மாறும். மெஷின்ல மேட்ச் பண்ற காலத்துலயே ரெண்டு லாட்ட ஒரே ஆர்டர்ல கலந்துட்டா பையர் திருப்பி அனுப்பிருவான். அவங்க எப்புடி இப்புடி ஒண்ணுபோல உடுத்தியிருப்பாங்க?"

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ரோமானியப் படையின் உடை நிறம் பற்றிப் பல வருஷமாகப் படித்திருக்கிறேன். சிவப்பா வெள்ளையா என்ற சண்டை இந்தப் பொழுதுபோக்கில் ஓயாமல் நடப்பது. அந்தச் சிவப்பு எப்படிச் சிவப்பானது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

உடை யார் வீட்டுத் தறியில் நெய்தது

உடை என்று சொல்வதைவிட மெய்ப்பை என்று சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர்கள் மெய்ப்பை புகுந்தவர்கள். உடம்பை உள்ளே விட்டுக்கொள்ளும் பை. இரண்டு துணியைச் சேர்த்துத் தலைக்கும் கைக்கும் வழி விட்டுத் தைத்த ரோமானிய மேலுடைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை.

சான்றுகளை மறுபடி எடுத்து வைத்துப் படித்தேன், இந்த முறை சாயப்பட்டறைக்காரரின் கண்ணோடு. ரோமானியக் கவிஞர் மார்ஷியல், ரோமில் கருநிறத் துணியும் கால்லியாவில், அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கம், செந்நிறத் துணியும் அதிகம் உடுத்தப்படுவதாகச் சொல்லி, அந்தச் செந்நிறம் சிறுவர்களுக்கும் படைவீரர்களுக்கும் பிடித்தது என்கிறார். கி.பி. 69-ல் பேரரசன் விடெல்லியுஸ் ரோமுக்குள் நுழைந்தபோது கழுகுச் சின்னத்துக்கு முன்னால் போன அதிகாரிகள் பளீரென்ற வெள்ளையில் போனார்கள் என்று வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். எல்லாரும் தினமும் வெள்ளை என்றால் அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை. அதே நேரம், கி.பி. 138-ஐச் சேர்ந்த ஒரு எகிப்தியப் பாபிரஸில், பிலடெல்பியா என்ற ஊரின் நெசவாளர்களுக்குப் படைக்கான ஆர்டர் இருக்கிறது. கப்படோக்கியாவில், அதாவது இன்றைய துருக்கியில், இருக்கும் படைக்கு வெள்ளை மெய்ப்பை, இத்தனை நீளம், இத்தனை அகலம், இத்தனை எடை என்று கண்டிப்பாக எழுதியிருக்கிறது. படை மருத்துவமனைக்கு ஒரு போர்வையும் அதே ஆர்டரில் உண்டு.

என்னை உட்கார வைத்தது இந்தக் கடைசிச் சான்றுதான். துணி எகிப்தில் ஒரு கிராமத்துத் தறியில் நெய்யப்பட்டு, கடல் தாண்டி இன்னொரு மாகாணத்துப் படைக்குப் போகிறது. அளவும் எடையும் கேட்கிறார்கள் என்றால், வாங்குகிறவர்களுக்கு அது ஊருக்கு ஊர் மாறும் என்று தெரிந்திருக்கிறது.

இதோடு இன்றைய இஸ்ரேலில் உள்ள மசாடா கோட்டையில் கிடைத்த ரோமானியச் சம்பளக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு வீரருக்கு 50 தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு வரவு. அதில் பூட்ஸுக்கு 5, தோல் வாருக்கு 2, லினன் மெய்ப்பைக்கு 7 என்று பிடித்தம் போகிறது. சாப்பாட்டுக்கும் வாற்கோதுமைக்கும் தனியாகப் பிடித்திருக்கிறார்கள். சட்டைக்கான காசு அவன் சம்பளத்திலிருந்து போகிறது. தன் காசு போகும் சட்டையை எவனும் கிழிகிற வரைக்கும் போடுவான். லீஜியனில் பணிக்காலம் 25 வருஷம். போன மாதம் சேர்ந்த பையனும், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும் கிழவனும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்கிறார்கள். இரண்டு பேர் சட்டையும் எப்படி ஒரே நிறமாக இருக்கும்?

சாயத்துக்கு வருவோம். ரோமானியச் சாமானியச் சிவப்பு, மஞ்சிட்டி இனத்துச் செடி ஒன்றின் வேரிலிருந்து வந்தது. அதில் நிறம் கொடுப்பது அலிசரின். நம் கிழக்குக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் இருப்பது அதேதான். மச்சானிடம் கேட்டபோது அவர் பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டதைச் சொன்னார்: படிகாரம் ஏற்றிய நூலை முதல் முக்கில் எடுத்தால் ஆழ்ந்த சிவப்பு. அதே தொட்டியில் இரண்டாவது முக்கு காவி. மூன்றாவது, பழைய ஓட்டு நிறம். தண்ணீரில் இரும்பு இருந்தால் சிவப்பு செத்துப் பழுப்புக்குப் போய்விடும். சூடு மீறினாலும் பழுப்பு தலையெடுக்கும்.

அந்தக் கணமே என் வண்ணத் திட்டம் முடிவாகிவிட்டது.

இரண்டாவது இருபது

நான் பயன்படுத்துவது ஸ்பெயினின் வல்லேஹோ அக்ரிலிக். சொட்டு மூக்கு வைத்த பாட்டில் என்பதால் சொட்டு எண்ணிக் கலக்கலாம், மறுநாளும் அதே நிறம் வரும். அடிப்படைக்குக் கேவல்ரி பிரவுன் என்ற செம்பழுப்பு. பெயர் பிரவுன் என்றாலும் காய்ந்தால் நன்கு வெந்த செங்கல் நிறம்.

முதல் முக்கு: அது நாலு சொட்டு, நல்ல சிவப்பு ஒரு சொட்டு. ஆறு பேர். இரண்டாம் முக்கு: செம்பழுப்பு நாலு, மணல் நிறம் ஒன்று. ஐந்து பேர். மூன்றாம் முக்கு: செம்பழுப்பு இரண்டு, மணல் இரண்டு, ஆரஞ்சு அரைச்சொட்டு. மூன்று பேர். இரும்புத் தண்ணீர் லாட்டு: செம்பழுப்பு மூன்று, கரும்பழுப்பு ஒன்று. மூன்று பேர். மீதி மூன்று பேருக்குச் சாயமே கிடையாது. திருப்பூர், ஈரோடு பக்கம் கோரா என்பார்களே, வெளுக்காத சாயம் போடாத துணி, அந்த நிறத்துக் கம்பளி.

அடுத்த கேள்வி, யாரை எங்கே நிறுத்துவது. முதலில் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோலக் கலந்து வைத்துப் பார்த்தேன். பாசிமணி மாலை மாதிரி ஆகிவிட்டது. பிறகு யோசித்தால், எட்டுப் பேர் ஒரு கூடாரம், சமையலும் படுக்கையும் அவர்களுக்குள்தான். ஒரே நாளில் கிடங்கில் போய் நின்றவர்களுக்கு ஒரே மூட்டையிலிருந்து சட்டை கிடைத்திருக்கும். அதனால் ஒரே லாட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நடுநடுவே ஒரு புதியவனையோ ஒரு வெளுத்தவனையோ செருகினேன். உடனே கூட்டத்துக்குள் சிநேகம் தெரிந்தது.

எல்லா நிறத்துக்கும் நிழல் ஒன்றே: ஒரே பழுப்பு வாஷ். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்து நிறத்துக்கு ஐந்து நிழல் கொடுத்திருந்தால் படை சிதறிப் போயிருக்கும். ஒரே பழுப்பு எல்லா மடிப்புக்குள்ளும் இறங்கும்போது, ஒரே சேற்றில் நடந்த ஆட்கள் என்று கண் ஏற்றுக்கொள்கிறது.

கண்ணுக்குப் புள்ளி வைப்பதை விட்டேன். புருவத்துக்குக் கீழே வாஷ் தேங்கிய நிழல் போதும். தலைக்கவசத்தின் விளிம்புக்குக் கீழே மூன்றடி தூரத்தில் யாருக்கும் கருவிழி தெரியாது. மிச்சமான நேரத்தை மூக்குக்கும் கன்ன எலும்புக்கும் ஒரு வெளிச்சக் கீற்று வைப்பதில் செலவிட்டேன்.

காலுக்கு ஒரு சின்ன விஷயம். பிளாஸ்டிக் உருவங்களுக்கு வெறுங்காலில் வார்ச்செருப்பு. மதிலுக்குப் பக்கத்தில் இருக்கும் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் கிடைத்த மர ஏடுகளில் ஒன்று, யாரோ ஒருவருக்குக் காலுறையும் இரண்டு ஜோடிச் செருப்பும் இரண்டு உள்ளாடையும் அனுப்பியதைச் சொல்லும் கடிதம். நார்தம்பர்லாண்ட் குளிரில் நின்று பார்த்தவனுக்கு அந்தக் கடிதம் தொண்டையை அடைக்கும். நானும் இந்த ஊர் முதல் டிசம்பரில் அம்மா அனுப்பிய பார்சலைப் பிரித்தவன். ஏழு பேருக்குக் கணுக்கால் வரை கம்பளி நிறம் தீட்டி, அதன் மேல் வாரை மறுபடி வரைந்தேன்.

கவசத்துக்கு, ரோமானிய ஊர் ஒன்றின் இடிபாடுகள் இருக்கும் கார்பிரிட்ஜ் போய் வந்தேன். நியூகாசிலிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1964-ல் அங்கே தோண்டியபோது இரும்புப் பட்டை போட்ட மரப்பெட்டி ஒன்று கிடைத்தது. மதில் காலத்தில் புதைத்தது. உள்ளே தட்டுத் தட்டாகக் கவசங்கள். லோரிகா செக்மெண்டாட்டா என்று இன்று சொல்லும் பட்டைக் கவசம் எப்படிப் பூட்டப்பட்டது என்பதே அந்தப் பெட்டியால்தான் தெளிவானது. பட்டைகள் இரும்பு, கீல்களும் கொக்கிகளும் பித்தளை. அந்தப் பித்தளைக் கீல்கள் மெல்லியவை, உடைந்து பழுது பார்த்த தடங்களும் அதில் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது, என் முதல் இருபது பேரின் தங்கக் கொக்கிகள் எனக்கு உறுத்தின.

வெள்ளி நிறத்தை எடுத்து வைத்துவிட்டேன். கருப்பு அடிப்பூச்சின் மேல் உருக்கு நிறத்தை உலர் தூரிகையால், பட்டையின் விளிம்பில் மட்டும் பிடிக்கிற மாதிரி தேய்த்தேன். அதன் மேல் கருப்பும் பழுப்பும் கலந்த வாஷ். கொக்கிகளுக்குப் பழைய பித்தளை, விளக்கி ஒரு மாதம் ஆன குத்துவிளக்கின் நிறம்.

கேடயம்

எல்லாமே ஒன்றுக்கொன்று மாறலாம், கேடயம் மாறக் கூடாது. புழுதிக்குள் தன் ஆட்களைக் கண்டுபிடிக்கக் கேடயத்தின் மேல் இருந்த அடையாளம் உதவியது. பேரரசன் டொமிஷியன் காலத்து டேசியப் (இன்றைய ருமேனியா) போரில் ஒரு தளபதி, வீரர்கள் தங்கள் பெயரையும் தங்கள் செஞ்சுரியின் தலைவரான செஞ்சூரியன் பெயரையும் கேடயத்தில் எழுத உத்தரவிட்டார் என்று வரலாற்றாசிரியர் காஷியஸ் டியோ சொல்கிறார், யார் நன்றாகப் போரிட்டான் என்று அடையாளம் தெரிய.

இருபதாவது லீஜியனின் கேடய ஓவியம் நமக்குக் கிடைக்கவில்லை. ரோமில் கி.பி. 113-ல் திறந்த டிராஜன் தூணில் மின்னலும் சிறகும் செதுக்கிய கேடயங்கள் நிறைய உண்டு, நிறம் இல்லை. நிறத்தோடு முழுசாக மிஞ்சிய வளைகேடயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: சிரியாவின் டுரா யூரோபோஸில் மண்ணுக்குள் கிடந்து, இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருப்பது. சுமார் 105 செ.மீ. உயரம். மெல்லிய மரப்பட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் மூன்று அடுக்காக ஒட்டிச் செய்தது. சிவப்புத் தளத்தில் கழுகு, சிங்கம், சிறகுள்ள வெற்றித் தேவதைகள். என் ஆட்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியது என்றாலும், சிவப்புக்கு எனக்கு வேறு சாட்சி கிடையாது. மெய்ப்பையோடு மோதாமல் இருக்கக் கேடயத்தின் சிவப்பை இன்னும் கருக்கினேன், உலர்ந்த வற்றல் மிளகாய் அளவுக்கு.

சிறகையும் மின்னலையும் கையால் வரைந்தால் நாற்பதும் நாற்பது விதமாகப் போகும். எனவே டீகால். தண்ணீரில் நனைத்து நழுவவிடும் படம். இதில் பலருக்குத் தோல்வி வருவது ஒரே காரணத்தால்: சொரசொரப்பான மேட் பரப்பில் நேராக ஒட்டுவது. அடியில் காற்று சிக்கி, காய்ந்தபின் வெள்ளி நிறத்தில் மினுங்கும். நான் ஒவ்வொரு கேடயத்துக்கும் முதலில் கிளாஸ் வார்னிஷ் பூசிக் கண்ணாடிபோல ஆக்கினேன். நடுக்குமிழுக்கு வட்டமாக வெட்டி, அந்த வட்டத்திலிருந்து கத்தி முனையால் நாலு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் கீறல். தண்ணீரில் போட்டு முப்பது எண்ணி எடுத்து, தூரிகையால் நழுவவிட்டு, மென்மைப்படுத்தும் திரவம் ஒரு சொட்டு. அது பட்டதும் படம் கிழட்டுத் தோல்போலச் சுருங்கும். முதல் முறை பார்ப்பவர்கள் பயந்து தேய்த்துவிடுவார்கள். தொடவே கூடாது. பத்து நிமிஷத்தில் தானாகத் தளர்ந்து வளைவோடு படிந்துவிடும். அடியில் குமிழி நின்றால் ஊசியால் ஒரு குத்து, மறுபடி ஒரு சொட்டு. பிறகு அதே பழுப்பு வாஷ் லேசாக, விளிம்பில் கிழித்த ஸ்பஞ்சுத் துண்டால் கரும்பழுப்புத் தட்டல்கள்.

முதல் இருபது பேருக்கும் கேடயத்தை மாற்றினேன். அவர்கள் மெய்ப்பைகளை முழுக்கத் தீட்டாமல், வண்ணத்தை மீடியம் என்ற நிறமில்லாத திரவம் விட்டு நீர்க்கக் கரைத்து மேலே ஓடவிட்டு, அதே நாலு லாட்டுக்குக் கொண்டு வந்தேன். ஜனவரி கடைசியில் நாற்பது பேரும் முடிந்தார்கள்.

பிப்ரவரி காலை

மேசையில் ஓட்டும் காய்களைக் கையால் தொடாமல் முடியாது, வார்னிஷ் இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் தலைக்கவச நுனியில் பிளாஸ்டிக் தெரியும். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கராஜ் கதவைத் திறந்து வைத்து, நாற்பது பேரையும் ஒரு பலகையில் நிறுத்தி, மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். அடிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் போனால், எல்லார் மேலும் உறைபனி விழுந்த மாதிரி வெண்படலம். மடிப்புகளுக்குள் திருநீறு அப்பியதுபோல. அந்தச் சிறகும் மின்னலும் மங்கலாக உள்ளே எங்கேயோ தெரிந்தன. ஐந்து மாத வேலை. நான் பலகையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் பிறகு தெளிவாகப் புரிந்தது. ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். சுற்றிலும் காற்று ஈரமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த படலத்தில் நீர் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக இறங்கும். படலம் காய்ந்தபின் துளி போய்விடும், ஓட்டை நின்றுவிடும். அந்த நுண்ணோட்டைகளில் ஒளி சிதறுவதுதான் வெள்ளை. இரண்டாவது காரணம் என் அவசரம். மேட் வார்னிஷில் பளபளப்பைக் கொல்லும் நுண்தூள் டப்பாவின் அடியில் தங்கியிருக்கும். இரண்டு நிமிஷமாவது குலுக்க வேண்டியதை நான் இருபது எண்ணுவதற்குள் முடித்திருந்தேன். மூன்றாவது, மெல்லிய இரண்டு பூச்சுக்குப் பதில் தடித்த ஒன்று.

ஓட்டைதான் வெள்ளை என்றால், ஓட்டையை நிரப்பினால் வெள்ளை போக வேண்டும். மங்கல் கண்ணாடி ஜன்னலில் தண்ணீர் பட்ட இடம் மட்டும் தெளிந்து தெரிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கணக்கு. ஒருவரை மட்டும் எடுத்து, கிளாஸ் அக்ரிலிக் வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசினேன். ஈரமாக இருந்தபோதே சிவப்பு மேலே வந்தது. காய்ந்தபின்னும் நின்றது. ஒரு நாள் பொறுத்து, திரும்ப வெளுக்கவில்லை என்று பார்த்தபின்தான் மற்றவர்களைத் தொட்டேன்.

31 பேர் ஒரே பூச்சில் தெளிந்தார்கள். ஆறு பேருக்கு இரண்டாவது பூச்சு வேண்டியிருந்தது. மூன்று பேருக்கு மடிப்பின் ஆழத்தில் லேசான மங்கல் தங்கிவிட்டது. தூள் தேங்கிய இடம் அது, நிரப்புவதால் போகாது. எல்லாம் காய்ந்தபின் தூரிகையால் பூசும் மேட் வார்னிஷ், வீட்டுக்குள், ஹீட்டர் அருகில், இரண்டு மெல்லிய பூச்சு. ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர் வாங்கி, அடுத்த மழை நாளில் கராஜில் வைத்துப் பார்த்தேன். 88 சதவீதம். இப்போது 60-க்கு மேல் காட்டினால் டப்பாவைத் தொடுவதில்லை. தொட்டாலும் முதலில் ஒரு பழைய உருவத்தின் மேல் மட்டும்தான்.

மேசையில்

மார்ச்சில் எங்கள் ஊர் விளையாட்டுக் கூடத்தில் முதல் முறை இறக்கினேன். எதிரே வடக்குப் பழங்குடிகள், கட்டம் போட்ட கால்சட்டையும் நீலம் பூசிய மார்புமாக. ஓடையைத் தாண்டும் முன்னாலேயே என் வலப்பக்கப் பிரிவு நிலைகுலைந்தது, அதற்கு வண்ணம் பொறுப்பல்ல. கூடத்து மஞ்சள் விளக்கில், நின்ற உயரத்திலிருந்து பார்க்கும்போது, இரண்டு பிரிவும் எங்கிருந்தோ நடந்து வந்து நின்றவர்களாகத் தெரிந்தார்கள். முதல் இருபதில் எனக்கு இடித்தது இதன் இல்லாமைதான் என்று அப்போது விளங்கியது. யாரும் ஒரு மெய்ப்பையைத் தனியாகக் கவனிக்கவில்லை. ஆனால் எதிரே ஆடியவர் தன் முறையில் இரண்டு தடவை குனிந்து, கேடயங்களுக்கு மேலே தெரிந்த தோள்களை வெகு நேரம் பார்த்தார்.

அன்றிரவு படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் குரல் பதிவு வந்திருந்தது.

"மாப்ள, நல்லா வந்திருக்குங். ஆனா நாலு லாட்டுன்னு சொன்னீங்க, கோரா தனி. நான் எண்ணுனா அஞ்சு லாட்டு தெரியுது. முன்னாடிப் பிரிவுல ரெண்டாவது வரிசை, எடதுபுறத்துல இருந்து மூணாவது ஆளு. பின்னாடிப் பிரிவுல கடைசி வரிசைல ரெண்டு பேரு. அந்த மூணு பேருக்கும் துணி சரியா அலசலீங்க. உப்பு நின்னுருச்சு."

மங்கல் தங்கிய அதே மூன்று பேர். வார்னிஷ் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை. மூன்று பேரையும் தளத்திலிருந்து கழற்றி ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். வெயில் வரும் வாரத்தில் மெய்ப்பையை மட்டும் முதல் முக்கிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.